எந்தக் குழுவில், எத்தனை நாள்?

மூன்றாம் வகுப்பு அறையில் உட்கார்ந்திருக்கும் முப்பது பிள்ளைகளும் மூன்றாம் வகுப்பில் படிப்பதாக வருகைப் பதிவேடு சொல்கிறது. ஒவ்வொருவரையும் அருகில் அழைத்து வாசிக்கச் சொன்னால், அந்த ஒரே அறைக்குள் நான்கைந்து வகுப்புகள் இருப்பது தெரியும். ஒருத்தி கதைப் புத்தகத்தை ஏற்ற இறக்கத்தோடு படிப்பாள். அவள் பக்கத்தில் இருப்பவன் எழுத்துக்கூட்டிக்கொண்டே போய், சொல்லின் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதலெழுத்தை மறந்துவிடுவான். இன்னொரு பிள்ளைக்குப் 'ப' தெரியும், 'ம' தெரியும். 'பொ' வந்தால் நின்றுவிடும். ஓரிருவர் பாடப்புத்தகத்தின் படத்தைப் பார்த்தே பத்தி முழுவதையும் ஒப்பிப்பார்கள். ஆனால் அவர்கள் விரல் வைத்த சொல் ஒன்றாக இருக்கும், வாய் சொல்லும் சொல் வேறாக இருக்கும்.

2005 முதல் கிராமப்புற வீடுகளுக்குச் சென்று பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்துவரும் ஏசர் ஆய்வு இந்த வேறுபாட்டை எளிய ஏணியாக அமைத்திருக்கிறது: எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை. 2022இல் நாடு முழுவதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 20.5 விழுக்காடு. 2024இல் அது ஏறத்தாழ 27 விழுக்காடாக உயர்ந்தது. இந்தச் சராசரிகளைப் பற்றி நாளிதழ்கள் எழுதிவிட்டன. வகுப்பறைக்குள் நிற்கும் ஆசிரியரை அழுத்துவது சராசரியைவிட ஏணியின் நீளம்தான். ஒரே அறையில் கடைசிப் படியிலும் ஆள் இருக்கிறது, முதற்படியிலும் ஆள் இருக்கிறது.

அவர் என்ன செய்யலாம்? எல்லாருக்கும் ஒரே பாடத்தை நடத்தினால் நடுவில் இருக்கும் சிலருக்கு மட்டும் அது பொருந்தும். வாசிப்பு நிலையைப் பார்த்துப் பிரித்து உட்காரவைத்தால், பிரித்த அன்றே யார் கெட்டிக்காரர், யார் மக்கு என்று பிள்ளைகள் தங்களுக்குள் முடிவுகட்டிவிடுவார்கள். இரண்டு பக்கத்திலும் நீண்ட காலமாக வாதாடியிருக்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நல்ல ஆய்வுகள் உண்டு. அவற்றைச் சேர்த்துவைத்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகப்படுகிறது. பிரிக்கலாமா கூடாதா என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. ஒரு பிள்ளை ஒரு குழுவில் எவ்வளவு காலம் இருக்கிறது, இருக்கும் காலத்தில் ஆசிரியரின் நேரத்தில் எவ்வளவு அதற்குக் கிடைக்கிறது என்ற இரண்டையும் கேட்டாக வேண்டும்.

எழும்பூர்ப் பள்ளி

வாசிப்பைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் முறை உலகெங்கும் பரவியதில் சென்னைக்கு நேரடித் தொடர்பு உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் காப்பகப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான பள்ளி அது. எழுத்துக் கற்பிப்பதில் அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பெல் பார்த்தார். அதைத் தம் பள்ளியில் செய்துபார்க்க எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே அகர வரிசை வகுப்புக்கு ஆசிரியராக்கினார். சிறுவன் வென்றான். அதன்பின் பள்ளி முழுவதையும் அந்த வழியில் மாற்றியமைத்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூல் வழியாக அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும், ஒருவன் அரிச்சுவடியிலும் இன்னொருவன் எண்சுவடியிலும் இருக்க ஒரே கூரையின் கீழ் அவரவர் வேகத்தில் போவதும் நமக்குப் பழக்கமானவை. பெல் அதற்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தார். அவருடைய வகுப்புகள் வயதால் அமையவில்லை, தேர்ச்சியால் அமைந்தன. ஒருவன் தன் வகுப்பில் தொடர்ந்து முந்தினால் மேல் வகுப்புக்குப் போவான், பின்தங்கினால் கீழே இறங்குவான். அதே காலத்தில் லண்டனில் பள்ளி நடத்திய ஜோசப் லான்காஸ்டர் எழுத்து, ஈரெழுத்துச் சொல், மூவெழுத்துச் சொல் என்று வாசிப்பை மட்டுமே அளவாக வைத்து வகுப்புகளை அடுக்கினார். கணக்குக்கு வேறு அடுக்கு. வாசிப்பில் மேலே இருப்பவன் கணக்கில் கீழே இருக்கலாம்.

இதைப் போற்றிப் பேச எனக்கு மனமில்லை. ஏழைப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கானவர்களை ஒரே ஆசிரியரின் சம்பளத்தில் சமாளிக்கும் சிக்கன ஏற்பாடு அது. மனப்பாடம் மிகுந்தது, தண்டனைகளும் இருந்தன. ஆனால் அதில் ஒரு சரியான புரிதல் இருந்தது: குழு என்பது பிள்ளையின் நிரந்தர முகவரி ஆகாது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வயதுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் ஆசிரியர் என்ற அமைப்பு மேலோங்கியபோது அந்தப் புரிதலும் சேர்ந்து வெளியேறியது. ஆறு வயதானால் ஒன்றாம் வகுப்பு, ஏழானால் இரண்டாம் வகுப்பு. எழுத்துத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஜூன் மாதம் வந்தால் அடுத்த அறை.

எட்டாம் நாளில் போட்ட மேசைகள்

வயதுவாரி வகுப்புக்குள் எழுந்த ஏற்றத்தாழ்வைச் சமாளிக்க அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகள் 20ஆம் நூற்றாண்டில் ஒரு வழக்கத்தை உருவாக்கின. ஒரே வகுப்பை மேல், நடு, கீழ் என்று மூன்று வாசிப்புக் குழுக்களாகப் பிரிப்பார்கள். பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று பறவைகளின் பெயரோ விலங்குகளின் பெயரோ சூட்டுவார்கள். ஆசிரியர் ஒரு குழுவோடு வட்டமாக உட்கார்ந்து வாசிக்க, மற்ற இரண்டும் இருக்கையில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்.

இந்த வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டிய ஆய்வு 1970இல் வந்தது. சமூகவியலாளர் ரே ரிஸ்ட் செயின்ட் லூயிஸ் நகரில் கறுப்பினப் பிள்ளைகள் மட்டுமே படித்த ஒரு பள்ளியில், ஒரு மழலையர் வகுப்பைப் பின்தொடர்ந்து இரண்டாம் வகுப்பு வரை கவனித்தார். ஆசிரியர்களும் கறுப்பினத்தவரே. பள்ளி திறந்த எட்டாம் நாளில் ஆசிரியை பிள்ளைகளை மூன்று மேசைகளில் நிலையாக உட்காரவைத்தார். அதற்கு முன் எந்தச் சோதனையும் வைக்கவில்லை. சேர்க்கைப் படிவத்தில் இருந்த குடும்ப விவரம், அரசு உதவித்தொகை பெறும் வீடு எது என்ற தகவல், அண்ணன் அக்கா பற்றிய நினைவு, உடையின் தூய்மை, பேச்சின் மொழி ஆகியவைதாம் அவர் கையில் இருந்தவை. முதல் மேசை அவருக்கு மிக அருகில் இருந்தது. கரும்பலகையில் அவர் எழுதியதும் அந்த மேசைக்கு நேராகவே. கேள்விகளும் பாராட்டும் அங்கேயே போயின. கடைசி மேசைக்குக் கண்டிப்பு மட்டும் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது வாசிப்புக் குழுக்களின் பெயர்கள் 'புலிகள்', 'கார்டினல் பறவைகள்', 'கோமாளிகள்'. முதல் மேசையில் இருந்தவர்களே புலிகள் ஆகியிருந்தார்கள். கீழ் மேசைகளிலிருந்து ஒருவரும் அங்கே ஏறியிருக்கவில்லை.

ஒரே ஒரு பள்ளியைப் பற்றிய ஆய்வு இது, ஆகவே எல்லாப் பள்ளிகளுக்கும் நீட்டக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் நம் ஊரில் இதைப் படிக்கும் எவருக்கும் அந்த மூன்று மேசைகளும் தெரிந்தவையாகவே இருக்கும். இங்கே யாரும் சாதியைக் கேட்டுப் பிள்ளையை உட்காரவைப்பதாகச் சொல்ல மாட்டார்கள். எண்ணெய் தேய்த்து வாரிய தலை, இஸ்திரி போட்ட சீருடை, அம்மா கையெழுத்துப் போட்ட டைரி ஆகியவற்றைப் பார்த்துப் பிரித்தாலே போதும், சாதியும் வறுமையும் தாமாக வந்து வரிசையில் நின்றுகொள்ளும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளை தன் குடும்பத்தின் கடந்த காலத்துக்காகக் கடைசி வரிசையில் உட்கார நேர்கிறது. நம் பள்ளிகளின் 'மெல்லக் கற்போர்' பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் ஒருமுறை ஏறிய பெயர் எப்போது இறங்குகிறது என்ற தேதிக்கு அந்தத் தாளில் இடமே இருப்பதில்லை.

குழுவுக்குள் நடப்பது

பிரிவினையைவிடப் பெரிய தீங்கு, பிரித்தபின் ஒவ்வொரு குழுவுக்கும் கிடைக்கும் கல்வி வேறாகிவிடுவது. ரிச்சர்ட் ஆலிங்டன் என்ற ஆய்வாளர் 1970களின் இறுதியிலிருந்து இதைத்தான் அளந்தார். 1980இல் அவர் வெளியிட்ட ஆய்வில், நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் தவறு செய்தபோது 100க்கு 31 தடவை ஆசிரியர் குறுக்கிட்டுத் திருத்தினார். தடுமாறி வாசிப்பவர்களிடம் அது 74 தடவை. முன்னவர்களுக்குத் தவறைத் தாங்களே கண்டுபிடித்துத் திரும்பி வந்து திருத்திக்கொள்ள நேரம் கிடைத்தது. பின்னவர்கள் ஒவ்வொரு சொல்லிலும் தலைநிமிர்ந்து ஆசிரியர் முகத்தைப் பார்க்கப் பழகினார்கள். மேல் குழு அதிக வரிகளை, பெரும்பாலும் வாய்விடாமல், பொருளோடு படித்தது. கீழ்க் குழு சொல் அட்டைகளையும் உதிரி எழுத்துகளையும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. மொத்தத்தில் வாசிப்பு அதிகம் தேவைப்பட்டவர்களே மிகக் குறைவாக வாசித்தார்கள்.

ரெபெக்கா பார், ராபர்ட் டிரீபன் இருவரும் சிகாகோ பகுதியின் முதல் வகுப்புகளைப் பார்த்து 1983இல் எழுதிய நூல் இதே பிணியின் இன்னொரு முகத்தைக் காட்டியது. ஒரு பிள்ளை ஆண்டு முடிவில் எத்தனை சொற்களைக் கற்றிருக்கும் என்பதை, அதன் தொடக்கத் திறமையைவிட, அதன் குழுவுக்கு எவ்வளவு வேகத்தில் எவ்வளவு பாடம் நடந்தது என்பதே அதிகம் முடிவு செய்தது. மெதுவாகப் போகும் குழுவில் போட்டால் பிள்ளை மெதுவாகும். பிறகு அந்த மெதுவே பிள்ளையின் இயல்பு என்று எழுதிவைக்கப்படும்.

தமிழ் வகுப்பறையில் இதற்கு நேரான காட்சி கூட்டு வாசிப்பு. ஆசிரியரோ கெட்டிக்காரப் பிள்ளையோ ஒரு வரி சொல்ல, வகுப்பு முழுவதும் சேர்ந்து முழங்கும். கேட்க நிறைவாக இருக்கும். பாட்டுக்கும் செய்யுளுக்கும் அது நல்ல முறைதான். ஆனால் உரைநடைப் பாடத்தை அப்படி நடத்தினால், வாசிக்கத் தெரியாத பிள்ளை மற்றவர்கள் குரலில் ஐந்து ஆண்டுகள் ஒளிந்திருக்கலாம்.

ஜோப்ளின் நகரத்து ஒரு மணி நேரம்

இத்தனைக்கும் பிறகு, குழுவாகப் பிரிப்பதே தவறு என்று முடித்துவிடத் தோன்றும். ஆதாரங்கள் அப்படி முடிக்க விடவில்லை. மிசோரி மாநிலத்தின் ஜோப்ளின் நகரில் 1950களின் தொடக்கத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். நாளின் பெரும்பகுதி பிள்ளைகள் தங்கள் வழக்கமான வகுப்பில், எல்லாத் திறமையினரோடும் கலந்து இருப்பார்கள். வாசிப்புப் பாடவேளைக்கு மணி அடித்ததும் நான்கு, ஐந்து, ஆறு வகுப்புப் பிள்ளைகள் எழுந்து, தங்கள் வாசிப்பு நிலைக்கு உரிய அறைக்குப் போவார்கள். அந்த அறையில் ஒரு நிலைதான் இருக்கும். ஆகவே ஆசிரியர் பாடவேளை முழுவதும் அந்த ஒரு குழுவுக்கே கற்பிக்க முடியும். 'உட்கார்ந்து எழுது' என்று யாரையும் ஓரங்கட்ட வேண்டியதில்லை. மணி அடித்ததும் எல்லாரும் தத்தம் வகுப்புக்குத் திரும்புவார்கள்.

1987இல் ராபர்ட் ஸ்லேவின் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கினார். நாள் முழுவதும் திறமைவாரியாகப் பிரித்த வகுப்புகளால் கற்றலில் ஆதாயம் எதுவும் தென்படவில்லை. ஜோப்ளின் போன்ற ஏற்பாட்டில் குறிப்பிடத்தக்க ஆதாயம் இருந்தது. அதற்கு அவர் கண்ட காரணங்களை நம் வழியில் சொன்னால்: பிரிவு ஒரே ஒரு திறனுக்கு மட்டும், அது நாளில் சிறு பகுதிக்கு மட்டும், அளவிடுவது அந்தத் திறனை நேரடியாக, அடிக்கடி மீண்டும் அளந்து இடம் மாற்றுவது, குழுவின் நிலைக்கேற்பப் பாடமும் வேகமும் உண்மையிலேயே மாறுவது. பால்டிமோரில் அதே ஆண்டு அவரும் சகாக்களும் தொடங்கிய பள்ளித் திட்டத்தில் ஏறத்தாழ எட்டு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை மறுபடி சோதித்துக் குழுக்களைக் கலைத்து அடுக்கினார்கள்.

ரிஸ்ட் பார்த்த மேசைகளும் ஜோப்ளின் அறைகளும் பெயரளவில் ஒரே காரியம்தான். ஒன்றில் எட்டாம் நாளில் போட்ட இருக்கை மூன்றாம் ஆண்டிலும் தொடர்ந்தது. இன்னொன்றில் பாடவேளை முடிந்ததும் குழு கலைந்தது. இவ்வளவு வேறுபாடு கொண்ட இரண்டையும் ஒரே தராசில் வைத்து, குழு நல்லதா கெட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்ததால்தான் விவாதம் இத்தனை காலம் நீண்டது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் கருத்தும் ஊசலாடியது. நான்காம் வகுப்பு வாசிப்புக்குத் திறமைவாரிக் குழு அமைப்பதாகச் சொன்ன ஆசிரியர்கள் 1998இல் 28 விழுக்காடு, 2009இல் 71 விழுக்காடு.

பீகாரின் கோடைக்காலம்

ஏழை நாடுகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. இங்கே வகுப்புக்குள் இருக்கும் தூரம் பெரிது, ஆசிரியர் குறைவு. எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் டுபாஸ், மைக்கேல் கிரெமர் மூவரும் மேற்குக் கென்யாவில் ஒன்றாம் வகுப்புக்குக் கூடுதல் ஆசிரியர் பெற்ற 121 பள்ளிகளில் ஒரு பரிசோதனை செய்தனர். பாதிப் பள்ளிகளில் தொடக்க மதிப்பெண்ணை வைத்து வகுப்பை இரண்டு பிரிவாக்கினார்கள். மீதிப் பள்ளிகளில் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 2011இல் வெளியான முடிவு பலரை வியக்கவைத்தது. மேல் பிரிவுப் பிள்ளைகள் மட்டுமின்றிக் கீழ்ப் பிரிவுப் பிள்ளைகளும் குலுக்கல் பள்ளிப் பிள்ளைகளைவிட அதிகம் கற்றிருந்தார்கள். இதை மேற்கோள் காட்டுபவர்கள் ஒரு நிபந்தனையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எந்தப் பிரிவுக்கு எந்த ஆசிரியர் என்பதும் குலுக்கலில்தான் முடிவானது. கீழ்ப் பிரிவுக்குப் புதியவரையோ அடிக்கடி விடுப்பில் போகிறவரையோ தள்ளிவிடும் பழக்கத்துக்கு அங்கே வழியே இல்லை. அந்த நிபந்தனை இல்லாமல் நம் பள்ளியில் 'ஆ' பிரிவு, 'இ' பிரிவு என்று பிரித்தால் கென்யாவின் முடிவு இங்கே வராது.

இந்தியாவில் இதை மிக விரிவாகச் செய்துபார்த்தது 1995இல் மும்பையில் தொடங்கிய பிரதம் அமைப்பு. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் வாசிப்பு நிலை பார்த்துச் சேர்த்து, நாளில் ஓரிரு மணி நேரம் அந்த நிலையிலிருந்து கற்பிப்பது அதன் முறை. அபிஜித் பானர்ஜி, ருக்மிணி பானர்ஜி, டுஃப்லோ உள்ளிட்ட குழுவினர் பல மாநிலங்களில் இதைச் சோதித்து 2017இல் எழுதிய கட்டுரையை நம் கல்வி அதிகாரிகள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். தோல்விகளையும் அவர்கள் மறைக்காமல் எழுதியதே அதற்குக் காரணம்.

பீகாரில் 2008 கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து முகாம் நடத்தச் செய்தார்கள். பிள்ளைகளின் வாசிப்பு உயர்ந்தது. அதே பயிற்சியையும் நூல்களையும் பள்ளி நடக்கும் நாட்களுக்குக் கொண்டுவந்தபோது, ஆசிரியரை மட்டும் நம்பிய இடங்களில் பலன் தெரியவில்லை. நூல்களை மட்டும் கொடுத்த இடத்திலும் எதுவும் நகரவில்லை. ஆசிரியர் அதேதான், பிள்ளைகளும் அதே ஊர்ப் பிள்ளைகள்தான். கோடையில் முடிக்க வேண்டிய பாடப்புத்தகம் இல்லை. பள்ளி நாட்களில் இருந்தது. பாடப் பகுதியை முடித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் உள்ளே வந்ததும் குழுக்கள் கலைந்து, வகுப்பு மறுபடி பக்க எண்களின் வேகத்தில் ஓடியது.

அதிலிருந்து பாடம் கற்று ஹரியானாவில் 2012–13இல் வேறு வழி பிடித்தார்கள். பள்ளி நாளில் ஒரு மணி நேரத்தை அரசே இதற்கென ஒதுக்கியது. அந்த நேரத்தில் பாடப்புத்தகம் கிடையாது. பிள்ளைகள் வகுப்பு மாறி நிலைவாரியாக உட்கார்ந்தார்கள். மேற்பார்வை செய்பவர்கள் முதலில் தாங்களே வகுப்பெடுத்துப் பழகிய பிறகே ஆசிரியர்களுக்கு உதவ வந்தார்கள். இந்தி வாசிப்பு முன்னேறியது. உத்தரப் பிரதேசத்தில் 2013–14இல் பிரதமின் ஆட்களும் உள்ளூர்த் தன்னார்வலர்களும் சேர்ந்து நடத்திய சில பத்து நாள் முகாம்களின் முடிவில், ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் பத்தியோ கதையோ வாசித்தார்கள். முகாம் நடக்காத பள்ளிகளில் அது நால்வரில் ஒருவர். குழு பிரித்த அறிவிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கான நேரத்தை ஒதுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பீகாரின் பள்ளி நாட்களே சாட்சி.

அட்டைக்கு ஒரு குழு, பிள்ளைக்கு ஒரு குழு

தமிழ்நாடு இருபதாண்டுக் காலத்தில் இரண்டு பெரிய குழு முறைகளைப் பார்த்துவிட்டது. முதலாவது செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகில் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான முறையிலிருந்து கற்று, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முயற்சியில் தொடங்கியது. 2007–08இல் மாநிலம் முழுவதும் போனது. பாடம் சிறுசிறு அட்டைகளாக உடைக்கப்பட்டு, படச் சின்னங்களோடு ஏணிப்படிகளில் அடுக்கப்பட்டது. பிள்ளை தன் படியைப் பார்த்து அட்டையை எடுத்துக்கொண்டு அதற்குரிய குழுவில் போய்ப் பாயில் உட்காரும். ஆசிரியர் முழுத் துணை, ஆசிரியர் பகுதித் துணை, சக மாணவர் துணை, தானே கற்றல், மதிப்பீடு என்று குழுக்கள்.

இதன் நுட்பம் அப்போது போதிய அளவு பேசப்படவில்லை. இங்கே குழு ஒட்டியிருந்தது அட்டையோடு; பிள்ளையோடு அல்ல. காலையில் ஆசிரியர் துணைக் குழுவில் இருந்த பிள்ளை மதியம் மதிப்பீட்டுக் குழுவில் இருக்கலாம். ஒரே வகுப்பில் கெட்டிக்காரக் குழு என்றும் மக்குக் குழு என்றும் எதையும் சுட்ட முடியாது. ரிஸ்ட் கண்ட நோய்க்கு இதைவிட நல்ல மருந்தை நான் எந்த நாட்டின் ஆவணத்திலும் படித்ததில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. தானே கற்கும் அட்டைகளில் வேகமாகப் போன பிள்ளைகள் ஏறிப்போனார்கள். ஆரம்பப் படிகளில் சிக்கிய பிள்ளைக்கு ஆசிரியரின் நீண்ட, இடைவிடாத கவனம் தேவைப்பட்டது. ஆனால் ஆசிரியர் அத்தனை குழுக்களுக்கும் நடுவில் அட்டை எடுத்துக் கொடுத்து, அடைவுகளைக் குறித்துக்கொண்டிருந்தார். சேர்ந்து கதை கேட்பது, ஒரே பாடத்தை எல்லாரும் பேசுவது குறைந்தது. பெற்றோரோ பாடப்புத்தகத்தைக் கண்ணால் பார்க்கவில்லை என்று கவலைப்பட்டார்கள். பிள்ளைகளை அவமதிக்காமல் குழு அமைத்த முறை, பின்தங்கியவருக்கு ஆசிரியரின் நேரத்தைக் கூட்டிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது எண்ணும் எழுத்தும். பெருந்தொற்று முடிந்து பள்ளி திறந்தபோது ஏணியின் நீளம் இன்னும் கூடியிருந்தது. 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்த இத்திட்டம், முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டில் நான்கு, ஐந்துக்கும் வந்தது. அடிப்படை மதிப்பீட்டை வைத்துப் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பார்க்கப்பட்டார்கள். நிலைக்கேற்ற பயிற்சி நூல்களும் ஆசிரியர் கையேடும் வந்தன. பாட்டும் பொம்மையும் கதையும் வகுப்புக்குள் மறுபடி மரியாதையோடு நுழைந்தன. செயல்வழிக் கற்றலில் குறைந்துபோன கூட்டுக் கற்றலை இது மீட்டது. கதையை எல்லாரும் சேர்ந்து கேட்டுவிட்டு, எழுதுவதிலும் வாசிப்பதிலும் மட்டும் நிலைவாரியாகப் பிரிவது நல்ல அமைப்பு. அரும்பு என்று ஒரு பிள்ளையைச் சொல்வதில் இழிவும் இல்லை.

என் கவலை ஒன்றுதான். இங்கே நிலை மறுபடி பிள்ளையோடு ஒட்டிக்கொள்கிறது. பயிற்சி நூலின் அட்டையிலேயே நிலை தெரிகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன் கையில் இருப்பது எந்த நூல், பக்கத்துப் பிள்ளையிடம் இருப்பது எது என்று தெரியாமலா இருக்கும்? ஆண்டின் நடுவில் அரும்பிலிருந்து மொட்டுக்குப் போவது எளிதாக, வழக்கமாக, மாதத்தில் சிலருக்காவது நடப்பதாக இருந்தால் இதில் தீங்கில்லை. அது அரிதானால், பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் கார்டினல் பறவைக்கு நேர்ந்ததே அரும்புக்கும் நேரும்.

தமிழில் நிலை என்பது என்ன?

ஏசர் ஏணியின் 'எழுத்து' என்ற முதற்படி தமிழில் ஒரே படி இல்லை. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் தெரிந்த பிள்ளைக்கு இருநூற்றுப் பதினாறு உயிர்மெய் காத்திருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாக மனனம் செய்ய வேண்டியதில்லை, குறிகளின் ஒழுங்கு பிடிபட்டால் போதும். ஆனால் அந்த ஒழுங்கு கண்ணைக் குழப்பும். ஒலியில் பின்னால் வரும் உயிர் எழுத்தில் முன்னால் நிற்கிறது: 'கெ', 'கே', 'கை'. 'கொ', 'கோ' ஆகியவற்றில் இருபுறமும் நிற்கிறது. உகர, ஊகாரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகின்றன. 'கு'வைப் பார்த்துச் 'சு'வையோ 'து'வையோ ஊகிக்க முடியாது. அண்டை மொழியான கன்னடத்தில் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கில எழுத்துகளைப்போல ஓரிரு ஆண்டில் முடியாமல் இவ்வகை எழுத்துகளைக் கற்பது தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகளுக்கு நீளும் என்று காட்டியது. தமிழுக்கும் இது பொருந்தாமலிருக்கக் காரணம் தெரியவில்லை.

எனவே அரும்பு நிலையில் இருக்கும் ஆறு பிள்ளைகளை எடுத்துக்கொண்டால், அவர்களுடைய தேவை ஒன்றாக இருக்காது. ஒருவனுக்கு எழுத்தே பதியவில்லை. ஒருத்திக்கு அகர வரிசை சரளம், குறி சேர்ந்தால் தடுமாற்றம். இன்னொருவன் எழுத்துகளைச் சரியாகச் சொல்வான், சேர்த்துச் சொல்லாக்கத் தெரியாது. வேறொருத்தி வாசித்தே விடுவாள். ஆனால் 'செல்கிறான்' என்ற எழுத்துத் தமிழ் அவள் வீட்டின் 'போறான்' என்பதோடு சேராததால் பொருள் ஏறாது. ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்கும், திருப்பூரில் ஒடியா பேசும் பெற்றோரின் பிள்ளைக்கும் வாசிப்பின் சிக்கல் எழுத்திலேயே இல்லாமல் சொற்களில் இருக்கலாம். இவர்களை 'கீழ் நிலை' என்று ஒரே பாயில் உட்காரவைத்து 'அம்மா, ஆடு, இலை' என்று தொடங்கினால் ஒருவருக்குத்தான் அது உதவும்.

குழுவுக்கு மேல், கீழ் என்ற வரிசையைவிட இந்த வாரத்துக்கான வேலையைப் பெயராக வைக்கலாம்: ஒகர ஓகாரக் குழு, சொல் சேர்க்கும் குழு, கதை பேசும் குழு. மூன்றாம் வகுப்பில் நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கும் லகர, ளகர, ழகரக் குழுவில் ஒரு வாரம் வேலை இருக்கும். வேலை முடிந்ததும் குழு கலையும். செயல்வழிக் கற்றலின் நுட்பமும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் உயிர்ப்பும் இங்கே ஒன்றுசேர முடியும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஈராசிரியர் பள்ளியின் ஆசிரியர் கேட்பார். ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். அதில் ஒருவர் தலைமையாசிரியர், அவருக்குக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவேற்றுவது முதல் காலை உணவுக் கணக்கு வரை வேலை. ஒன்றரை மணி நேரத் தமிழ்ப் பாடவேளையில் மூன்று குழு இருந்தால் ஒரு குழுவுக்கு அரை மணி. மீதி ஒரு மணி நேரம் மற்றப் பிள்ளைகள் பார்த்தெழுதுவார்கள். ஆலிங்டன் கண்டதும் இதுதான். இதற்கு ஆள் வேண்டும், இல்லையேல் சமமற்ற பங்கீடு வேண்டும். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு நல்ல கதைப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டால் நாற்பது நிமிடம் தாமாகப் படிப்பார்கள். எழுத்தில் நிற்கும் பிள்ளையால் தனியாக எதையும் செய்ய முடியாது. எனவே அரை, அரை, அரை என்று நியாயமாகப் பிரிப்பதே அநியாயம். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் மாலையில் கொடுத்தது இந்தக் கூடுதல் நேரத்தைத்தான். பெருந்தொற்றில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டதாகவும், அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இத்திட்டத்தால் வந்ததாகவும் கார்த்திக் முரளிதரனும் சகாக்களும் கணக்கிட்டார்கள்.

2025இல் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளில் அடிப்படைத் திறன் பெறாத பிள்ளைகளுக்காக 'திறன்' திட்டம் வந்திருக்கிறது. தொடக்கப் பள்ளியில் குழு மாறாமல் நின்றுவிட்ட பிள்ளைகள் பதினொரு வயதில் மறுபடி பிரிக்கப்படுகிறார்கள். அந்த வயதில் தனியறைக்குப் போவது ஏழு வயதில் பாய் மாறி உட்காருவதைப்போல இலேசானதல்ல. தொடக்க வகுப்புகளில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து ஐந்து நிமிடம் வாசிக்கக் கேட்டு, குழுக்களைக் கலைத்து அமைக்க ஒரு பள்ளிக்கு இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாட்களைத் தேர்வு நாட்களைப்போலவே கல்வித் துறையின் ஆண்டு நாட்காட்டியில் அச்சிட வேண்டும். அன்று ஆசிரியரை எந்தக் கூட்டத்துக்கும் எந்தப் பயிற்சிக்கும் அழைக்கக் கூடாது. வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளிக்கு வந்தால், எத்தனை பேர் மலர் நிலையில் இருக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன், சென்ற முறையிலிருந்து இடம் மாறாத பிள்ளைகள் யார் யார் என்று பெயர் கேட்டு, அவர்களில் இருவரைத் தம் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கக் கேட்கட்டும்.